மூக்கை நம்பாதீர்கள்



உங்களில் பலர் வாணியம்பாடி, ஆம்பூர் டேனரிகளில் சூப்பர்வைசராகவும் மேனேஜராகவும் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிட்கோவில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். அங்கே சேறு ஆளைத் தேடி வந்தது. மற்ற நாட்களில் நாமே ஆளைச் சேற்றுக்குள் இறக்குகிறோம்.

முடி நீக்கப் போடும் சோடியம் சல்பைடு கழிவும், பிறகு போடும் அமிலக் கழிவும் ஒரே தொட்டியில் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். காற்றைவிடக் கனம், அடியிலேயே தங்கும். கொஞ்சம் இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். அதிகமானால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. "வாடை போயிடுச்சு, இறங்குப்பா" என்பது அந்த நேரத்தில்தான். ஓரிரு மூச்சில் அவர் விழுவார். தூக்கப் போனவரும் விழுவார்.

சேற்றை லாரி மோட்டார் உறிஞ்சட்டும். இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால், காற்றடித்து, வாயு மீட்டர் பார்த்து, கயிறும் சுவாசக் கருவியும் கொடுத்து, மேலே ஆள் நிறுத்திய பிறகுதான். முதலாளி அவசரப்படுத்தினால், "எங்க கெமிஸ்ட்ரி சார் கூடாதுன்னு சொல்லியிருக்கார்" என்று தாராளமாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்