சருகைக் காப்பவர்கள்

கோயம்புத்தூரிலிருந்து தடாகம் வழியாக ஆனைகட்டிக்குப் போகும் சாலையில், மாங்கரையைத் தாண்டியதும் காடு நெருங்கி வந்துவிடும். 1990-இல் தொடங்கப்பட்ட, பறவையியலாளர் சாலிம் அலி பெயரிலான ஆய்வு மையம் இருப்பது அந்த ஆனைகட்டியில்தான். அந்தப் பக்கத்துக் காட்டுக்குத் தை மாதக் கடைசியில், வனத்துறை அனுமதியோடு, ஆறுமணிக் குருவியைப் பார்க்கப் போனேன். கூட வந்தவர் அங்கேயே பிறந்து வளர்ந்த இருளர்; வேட்டைத் தடுப்புக் காவலராக இருக்கிறார்.

ஆறுமணிக் குருவி இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் மழைக்காலத்தில் கூடு கட்டும் பறவை. புரட்டாசி, ஐப்பசியில் இரவு நேரங்களில் பறந்து தென்னாட்டுக்கும் இலங்கைக்கும் வரும். சித்திரை வாக்கில் திரும்பும். நீளம் சுமார் 19 செ.மீ. பச்சை முதுகு, இறக்கையில் நீலம், அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை. இத்தனை நிறம் இருந்தும் நிழலில் நின்றால் தெரியாது. விடியலிலும் அந்தியிலும் இரண்டு சுரத்தில் சீழ்க்கையடிக்கும். மற்ற நேரமெல்லாம் தரையில் சருகைப் புரட்டிப் பூச்சியும் மண்புழுவும் தேடிக்கொண்டிருக்கும்.

மூங்கில் புதர்கள் சூழ்ந்த ஒரு பள்ளத்தின் ஓரம் வந்ததும் காவலர் கையைக் காட்டி நிறுத்தினார். யானைத் தடம் புதிதாக இல்லை என்று பார்த்த பிறகே உட்காரச் சொன்னார்.

"இனிப் பேச வேண்டாமுங்க சார். சருகுச் சத்தத்தை மட்டும் கேளுங்க."

அவருடைய தொழிலின் நுட்பம் அங்கே புரிந்தது. தவிட்டுக் குருவிகள் கூட்டமாகக் கிளறும், சத்தமும் போடும். காட்டுக்கோழி காலால் வாரி இறைக்கும். ஓணான் நிற்காமல் ஓடும். ஆறுமணிக் குருவியோ இரண்டு தத்து தத்தும், நிற்கும், ஓர் இலையைப் புரட்டும், மறுபடி நிற்கும். அந்த இடைவெளியைத்தான் அவர் காது தேடியது.

கைப்பேசியில் அதன் குரலைப் போட்டால் வருமா என்று தாழ்ந்த குரலில் கேட்டேன். "வருமுங்க. வேற குருவி தன்னோட எடத்துக்கு வந்துட்டுதுன்னு பதறிட்டு வரும். தீனி எடுக்குற நேரம் வீணாப்போயிருமுங்க" என்றார்.

வெளிச்சம் மங்கியபோது பள்ளத்தின் மறுகரையில் அந்தச் சத்தம் கேட்டது. அவர் விரலை நீட்டவில்லை, கண்ணால் திசை காட்டினார். வேர் ஒன்றின் அருகே குட்டை வாலை ஆட்டியபடி குருவி நின்றது. ஓர் இலையைத் தள்ளி, எதையோ கொத்தி விழுங்கி, தத்தி மறைந்தது. பிறகு புதருக்குள்ளிருந்து சீழ்க்கை எழுந்தது.

திரும்பும்போது அவர் அடுத்த வேலையைப் பற்றிப் பேசினார். கோடை முற்றுவதற்குள் தீத்தடுப்புக் கோடு எடுக்க வேண்டும்: காட்டுக்குள் நீளப் பட்டையாகப் புல்லையும் சருகையும் நீக்கி, நெருப்பு தாண்டாமல் வெறும் தரையாக்குவது. தீப் பிடித்துவிட்டால் பச்சைக் கொப்புகளை ஒடித்து அடித்தே அணைப்பார்களாம். அந்தப் பட்டைகளில் சருகை அகற்றுவதால்தான் மற்ற இடமெல்லாம் சருகு தங்குகிறது. குருவிக்குத் தீனி தரும் அதே சருகுதான் நெருப்புக்கும் இரை. குருவி இங்கே தங்கும் கடைசி மாதங்களும் காட்டுத்தீ மாதங்களும் ஒன்றாகவே வருகின்றன. சருகு எங்கே ஈரமாக இருக்கும், எங்கே முதலில் காயும் என்று தெரிந்தவருக்குத்தான் குருவி எங்கே இருக்கும் என்பதும் தெரிகிறது.

இந்த அறிவை நாம் வழிகாட்டும் வேலையாக மட்டும் பார்க்கிறோம். பறவைப் படத்தின் கீழே கேமராவின் பெயர் வருகிறது, காட்டியவரைப் பற்றி ஒரு வரியும் வருவதில்லை. வேட்டைத் தடுப்புக் காவலர்கள் பலர் இன்னும் தொகுப்பூதியத்தில்தான் இருக்கிறார்கள். வலசைப் பறவை ஆண்டுதோறும் இங்கே வர வேண்டுமென்று விரும்புகிறவர்கள், அது வந்திறங்கும் தரையைக் காப்பவர்களுக்கு நிரந்தர வேலையும் உரிய ஊதியமும் வேண்டுமென்று சேர்ந்து கேட்க வேண்டும். ஊருக்குள் இருக்கும் நாமும் தோப்பிலும் வேலியோரத்திலும் சருகைக் கூட்டிக் கொளுத்துவதை நிறுத்தலாம். களைத்து வரும் குருவிக்கு அங்கேயும் இரை கிடைக்கும்.