“சார், கேக்குதா?”

போன வருஷம் ஒத்தக்கடை வீட்ல இருந்து ஒரு ஆன்லைன் இன்டர்வியூ. அவங்க பேசினது எனக்குத் தெளிவா கேட்டுச்சு. நான் பேசினதுதான் போய்ச் சேரல. “சார், கேக்குதா?”ன்னு நாலு தடவை கேட்டேன். வாய்ப்பு போச்சு.

எங்க வீட்ல இருந்தது கேபிள் இன்டர்நெட். டிவிக்காக வந்த செம்புக் கம்பி அது. டவுன்லோடுக்குப் பெரிய பங்கு, அப்லோடுக்குச் சின்னப் பங்கு. அதையும் தெருவே பகிர்ந்துக்கும். சாயங்காலம் ஆனா வேகம் படுத்துடும். ஃபைபரில் கண்ணாடி இழை வழியே ஒளி போகிறது. இரண்டு பக்கமும் ஒரே வேகம் தரும் பிளான்கள் உண்டு.

ஆனா ‘ஃபைபர்’னு சொன்னதுமே பணம் கட்டிடாதீங்க. மூணு கேள்வி கேளுங்க. இழை வீட்டுக்குள்ள வருதா, தெருமுனைப் பெட்டியோட நின்னுடுதா? அப்லோடு எவ்வளவு? அறுந்தா யாரு, எப்போ வருவாங்க? கரண்ட் போனா ஃபைபர் மோடமும் அணைஞ்சிடும். சின்ன யுபிஎஸ் ஒண்ணு வாங்கி வைங்க.

கேபிள்கார அண்ணனை விட அப்பாவுக்கு மனசில்லை. ராத்திரி 10 மணிக்குக் கூப்பிட்டாலும் ஏணியோட வந்து நிற்பார். அதனால டிவி அவர்கிட்ட, நெட் ஃபைபரில்.

ஃபைனல் இயரா? பிளேஸ்மென்ட் தொடங்கும் முன்னாடியே, இன்னைக்குச் சாயங்காலம், உங்க அப்லோடு வேகத்தைப் பார்த்துடுங்க.