கோழியின் கட்டியும் ஒரு திருட்டு மரபணுவும்

கேன்சர் என்றால் வெளியிலிருந்து வந்து தாக்கும் எதிரி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எதிரி நம் செல்லுக்குள்ளேயே இருக்கிறான் என்று காட்டிக்கொடுத்தது எது தெரியுமா? ஒரு கோழி வைரஸ்!

1909-ல் நியூயார்க்கின் ராக்பெல்லர் ஆய்வுக்கழகத்துக்கு ஒரு விவசாயி, மார்பில் கட்டி வந்த தன் கோழியைக் கொண்டுவந்தார். அங்கிருந்த பேடன் ரௌஸ் அந்தக் கட்டியை அரைத்து, செல்லும் பாக்டீரியாவும் புக முடியாத வடிகட்டியில் வடித்து, சாற்றை வேறு கோழிகளுக்கு ஊசி போட்டார். அவற்றுக்கும் கட்டி வந்தது. அப்படியென்றால் காரணம் ஒரு வைரஸ். 1911-ல் இதை வெளியிட்டபோது பலர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோழி சமாசாரம்தானே! நோபல் பரிசு வந்தது 1966-ல். அப்போது ரௌஸுக்கு வயது 87.

சரி, இந்த வைரஸ் எப்படிக் கட்டியை உண்டாக்குகிறது? அதனிடம் 'சார்க்' என்று ஒரு மரபணு இருக்கிறது. வைரஸ் பெருக அது தேவையே இல்லை. அப்புறம் எங்கிருந்து வந்தது? 1976-ல் சான் பிரான்சிஸ்கோவில் மைக்கேல் பிஷப், ஹெரால்ட் வார்மஸ் குழுவினர் விடை கண்டார்கள். நோயே இல்லாத கோழியின் செல்லிலும் கிட்டத்தட்ட அதே மரபணு இருந்தது. வைரஸ் அதை எப்போதோ கோழியிடமிருந்து திருடியிருக்கிறது! மனிதரிடமும் அது உண்டு என்று பிறகு தெரிந்தது. இருவருக்கும் 1989-ல் நோபல்.

கோழியிடம் ஒழுங்காக இருந்தது வைரஸிடம் போய் ஏன் கெட்டது? சார்க் புரதம் ஒரு சுவிட்ச் மாதிரி. மற்ற புரதங்களில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட்டை ஒட்டி, 'வளரு' என்ற செய்தியைக் கடத்துகிறது. இந்த டைரோசின் சங்கதி வெளிப்பட்டதே இன்னொரு கட்டி வைரஸால்தான். 1979-ல் டோனி ஹன்டர், எலிகளுக்கு வரும் பாலியோமா வைரஸை ஆராய்ந்தார். சோதனைக்குப் பழைய கரைசலையே திரும்பப் பயன்படுத்தியதில் அதன் அமிலத்தன்மை கொஞ்சம் கூடியிருந்தது. வழக்கமாக ஒட்டியே தெரியும் இரண்டு புள்ளிகள் அதனால் தனித்தனியாகப் பிரிந்தன. புதிதாகத் தெரிந்தது டைரோசின்!

சாதாரண செல்லில் சார்க் புரதத்தின் வால்பகுதி, வேலை இல்லாத நேரத்தில் அதை மடக்கிப் பூட்டி வைக்கிறது. வைரஸிடம் உள்ள சார்க்குக்கு அந்த வால் இல்லை. பூட்டு இல்லாததால் சுவிட்ச் எப்போதும் ஆனிலேயே இருக்கிறது.

இதனால் என்ன லாபம் என்கிறீர்களா? எலிக்கு ரத்தப் புற்றுநோய் தரும் இன்னொரு வைரஸில் 'ஏபிள்' என்ற மரபணு கிடைத்தது. மனிதருக்கு வரும் நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில் அதே மரபணு இடம் மாறி, அடங்காமல் வேலை செய்கிறது என்று தெரிந்தது. அதை அணைக்கும் இமாடினிப் மாத்திரைக்கு 2001-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சில வருடங்களில் உயிரைப் பறித்துவந்த நோயோடு இன்று பலர் மாத்திரை சாப்பிட்டபடி நெடுநாள் வாழ்கிறார்கள்.

மனிதருக்கு வரும் பெரும்பாலான கேன்சருக்கு வைரஸ் காரணமில்லை. ஆனால் எந்தச் சுவிட்ச் கெடுகிறது என்று காட்டியது வைரஸ்தான். திருடன் பிடிபட்ட பிறகுதான் வீட்டில் என்ன பொருள் இருந்தது என்றே தெரிந்தது. 'கோழி ஆராய்ச்சிக்கெல்லாம் எதற்குக் காசு?' என்று யாராவது கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.