கோச்சியில் வந்த ஒடியல்

1990 யூன் மாதத்தோடு யாழ்ப்பாணத்துக்குக் கோச்சி வருவது நின்றது. பிறகு தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர்களுக்குக் கூரையாகின. எங்கள் வளவுப் பங்கரின் மேலும் இரண்டு தண்டவாளத் துண்டுகள் கிடந்தன. ஷெல் விழும் நேரங்களில் அவற்றை அண்ணாந்து பார்த்தபடி அம்மாவும் நானும் இருந்திருக்கிறோம்.

2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம்வரை புகையிரதம் திரும்ப ஓடத் தொடங்கியது. அடுத்த தை மாதம் மகளை வவுனியாவிலிருந்து கூட்டிச் சென்றேன். அவளுக்கு அதுதான் முதல் கோச்சிப் பயணம். ஓர் இயந்திரம் நூற்றுக்கணக்கானோரை இழுப்பதால், வாகனத்தில் தனித்தனியே போவதைவிட ஆளுக்கு எரியும் டீசலும் புகையும் குறைவு என்று பாடசாலையில் படித்ததை எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

கிளிநொச்சியில் ஒரு பெண் பனையோலைப் பெட்டியுடன் ஏறினார். அவித்த பனங்கிழங்கும் புழுக்கொடியலும் இருந்தன. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மண்ணெண்ணெய்க்கும் யூரியாவுக்கும் தடையிருந்த காலத்தில் ஒடியல் பிட்டும் கூழும்தான் எங்கள் உயிரைப் பிடித்து வைத்தன. ஆனாலும் அதை இல்லாமையின் சாப்பாடு என்று ஒதுக்கி, மகளுக்கு ஒருநாளும் சமைத்துக் கொடுத்ததில்லை.

"இது மருந்தடிச்சதோ அன்ரி?" என்று மகள் கேட்டாள்.

"பனைக்கு ஆர் பிள்ளை மருந்தடிக்கிறது? கொட்டையைப் பாத்தியிலை போட்டால் மூண்டு நாலு மாசத்திலை கிழங்கு. உரமும் இல்லை, ஒண்டும் இல்லை."

2009இல் கணவரை இழந்தவர் அவர். அந்தப் பெட்டிதான் இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கிறதாம். விலை குறைத்துக் கேட்க எடுத்த வாயை மூடிக்கொண்டேன். கிழங்கு கிண்டி, அவித்து, கிழித்து, வெயிலில் காயவைக்கும் வேலை எனக்குத் தெரியாததா?

மகள் ருசித்துச் சாப்பிட்டாள். "ஏனம்மா இதை எனக்கு நீங்கள் ஒருநாளும் தரேல்லை?" என்றாள். பளை தாண்டும்வரை எனக்குப் பதில் வரவில்லை. பிறகு பங்கரைப் பற்றி முதல்முறையாக அவளுக்குச் சொன்னேன். அவள் யன்னலால் எட்டிப் பார்த்து, "இந்தத் தண்டவாளமோ அம்மா?" என்றாள்.

"இல்லையடா. இது புதுசு."

சகோதரிகளே, பயணம் போகும்போது தண்ணீரை வீட்டிலிருந்தே போத்தலில் கொண்டுபோங்கள். ஒரு துணிப்பையும் வைத்திருங்கள். பொலித்தீன் பையில் அடைத்து விற்பதை விட்டு, ஓலைப்பெட்டியுடன் வரும் பெண்ணிடம் பேரம் பேசாமல் வாங்குங்கள். நாம் வெட்கப்பட்ட அந்தச் சாப்பாடு மருந்தடிக்காத சாப்பாடு.

இப்போது எங்கள் வீட்டிலும் ஒடியற்கூழ் கொதிக்கிறது. மகள்தான் கரண்டி பிடிக்கிறாள்.