அண்மையில் சுவைத்தனவும் அகத்தில் நின்றனவும்

ஆண்டின் இறுதியில் வணிகர் வரவு செலவுக் கணக்கைச் சரிபார்ப்பர். உழவர் களத்து நெல்லை அளந்து வைப்பர். நாம் கண்டும் கேட்டும் கற்றும் மகிழ்ந்தவற்றுக்கும் அத்தகைய கணக்கொன்று வேண்டும் என்பது நமது நெடுநாள் எண்ணம். அண்மை ஆண்டுகளில் நம் உள்ளத்தைக் கவர்ந்த திரைப்படம், பாடல், விளையாட்டு, நூல் ஆகியவற்றுள் சிலவற்றை இம்மலரின் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம். இது திறனாய்வு அன்று. அன்றாட வாழ்வின் ஊடே வந்து சேர்ந்த இன்பங்களைப் பற்றிய எளிய குறிப்பே ஆகும்.

தொல்காப்பியர் உணர்வுகளை எட்டாக வகுத்து, அவற்றை மெய்ப்பாடு என்றார். அப்பெயரே ஆழ்ந்து எண்ணத்தக்கது. உள்ளத்தில் எழும் உணர்வு உடலில் தோன்றிப் பிறருக்குப் புலனாவதே மெய்ப்பாடு. ஆகவே சிரிப்பு முகத்தில் தோன்றினால் மட்டும் போதாது. அதைக் காண எதிரே ஒருவர் இருத்தலும் வேண்டும். இன்றோ மாலை ஏழு மணிக்கு எம் இல்லத்தில் நால்வர் நான்கு மூலைகளில் அமர்ந்திருக்கின்றோம். ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி, காதில் இயர்போன். ஒருவர் சிரித்தால் மற்ற மூவரும் காரணம் அறியார். இந்நிலையில் நாம் சுவைத்தவற்றுள் எவை பிறரோடு பகிரப்பட்டன என்று எண்ணிப் பார்த்தோம். அவ்வாறு பகிரப்பட்டவையே நெஞ்சில் நின்றன எனக் கண்டோம்.

முதலில் நகை. அதற்கு நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 2016-ஆம் ஆண்டில் யூ.பி.ஐ. முறை நம் நாட்டில் அறிமுகமானது. அதன்பின் சில்லறை கொடுத்து வாங்கும் வழக்கம் படிப்படியாகக் குறைந்து, எம் தெருமுனைத் தேநீர்க் கடையிலும் ஒரு சிறு பெட்டி வந்து அமர்ந்தது. எவரேனும் கைப்பேசி வழியே பணம் செலுத்தினால், இத்தனை ரூபாய் பெறப்பட்டது என்று அப்பெட்டி பெண்குரலில் அறிவிக்கும். அங்கு நாள்தோறும் வரும் முதியவர் ஒருவர் அக்குரலைக் கேட்டதும், "சரி தாயே, நல்லாயிரு" என்று மறுமொழி கூறுவார். கடையே சிரிக்கும். பேசியது பெட்டிதான் என்பதை அவரும் அறிவார். எனினும் யார் பேசினாலும் விடை சொல்லிப் பழகிய தலைமுறை அது.

திரையில் நம்மை நகைக்கவும் சிந்திக்கவும் வைத்தது, 2024-இல் வெளிவந்த 'லப்பர் பந்து'. தமிழரசன் பச்சமுத்து இயக்கிய இப்படத்தில் ஊர்ப்புற மட்டைப்பந்து ஆட்டமே களம். மாமனாராக வரவேண்டியவரும் மருமகனாக வரவேண்டியவரும் அக்களத்தில் எதிரெதிரே நிற்கின்றனர். திறமை இருந்தும் சாதியின் பெயரால் அணியில் இடம் மறுக்கப்படும் இளைஞனின் இளிவரலையும், வீண் பெருமையால் வெகுளும் மூத்தவரின் உள்ளத்தையும் இயக்குநர் உரத்த குரல் இன்றிக் காட்டியுள்ளார். மூத்தவர் மட்டையோடு களம் புகும்போது, 1989-இல் வெளியான 'பொன்மனச் செல்வன்' படத்தின் பாடல் ஒலிக்கின்றது. அப்படத்தின் நாயகர் விஜயகாந்த் 2023 டிசம்பரில் மறைந்தார். அப்பாடல் வெளிவந்த காலத்தில் பிறந்திராத மாணவரும் பேருந்து நிறுத்தத்தில் அதனை முணுமுணுக்கக் கேட்டோம். தந்தையும் மைந்தனும் ஒரே பாடலுக்குத் தாளமிடும் வாய்ப்பு எளிதில் கிட்டுவதன்று.

பழைய பாடல் புதிய பொருள் பெறுவது மருட்கைக்குரிய செய்தி. அதே 2024-இல் வந்த 'மஞ்சும்மல் பாய்ஸ்' என்னும் மலையாளத் திரைப்படம் தமிழகத்திலும் பெருவெற்றி கண்டது. 2006-ஆம் ஆண்டில் கொடைக்கானல் குகையின் ஆழத்தில் விழுந்த நண்பனைத் தோழர்கள் மீட்ட உண்மை நிகழ்ச்சியே அதன் கதை. 1991-இல் 'குணா' படத்துக்காக இளையராஜா இசையமைத்த காதல் பாடல், இங்கே தோழமையின் பாடலாக மாறி ஒலித்தது. இசை ஒன்றே, கேட்கும் சூழல் மாறியதால் பொருளும் மாறியது. அதே இளையராஜா 2025 மார்ச் 8-ஆம் நாள் இலண்டன் மாநகரில் தமது சிம்பொனி இசையை அரங்கேற்றினார். எண்பது வயதைக் கடந்த பின்னரும் புதியதொரு முயற்சியில் இறங்கும் அவ்வூக்கம், ஓய்வு பெற்றோம் என்று ஒதுங்கும் நம்மனோர்க்கு ஒரு பாடம்.

பெருமிதத்துக்குச் சான்று கூறினோமானால், 2024 டிசம்பர் 12 நம் நினைவில் நிற்கும். சிங்கப்பூரில் நடந்த உலகச் சதுரங்க வாகையர் போட்டியின் பதினான்காம் ஆட்டத்தில், சென்னையைச் சேர்ந்த குகேஷ் சீனத்து டிங் லிரெனை வென்று பட்டம் சூடினார். அப்போது அவருக்கு அகவை பதினெட்டு. எம் அண்டை வீட்டுச் சிறுவர் எம் கூடத்தில் கூடி அதனைக் கண்டனர். வெற்றி உறுதியானதும் கண்ணீர் பெருகிய அந்நிலையிலும், அவ்விளைஞர் பலகையில் சிதறிய காய்களை மீண்டும் அவற்றின் இடங்களில் அடுக்கி வைத்தார். "ஜெயிச்ச பிறகும் எதுக்கு அடுக்குறாரு?" என்று சிறுவன் ஒருவன் கேட்டான். நாம் விடை கூறுமுன், "அடுத்து ஆடுறவங்களுக்கு" என்றாள் அவன் தமக்கை. இதனினும் சிறந்த விளக்கம் நமக்குத் தோன்றவில்லை.

இனி அழுகை. இதனை எழுதுவதற்கே நாம் இவ்வளவு தொலைவு வந்தோம் எனலாம். எம் தாயார் எண்பது வயதைக் கடந்தவர். மூன்று ஆண்டுகளாக அவர் நினைவிலிருந்து பெயர்கள் ஒவ்வொன்றாக நழுவி வருகின்றன. முதலில் அண்டை வீட்டார் பெயர்கள் மறந்தன. பின்னர்ப் பேரப் பிள்ளைகளின் பெயர்கள். இப்போது எம்மையே, இளமையில் மறைந்த தம் தம்பியின் பெயரால் அழைக்கின்றார். ஒவ்வொரு முறையும் உள்ளம் ஒரு கணம் நின்று பின் நகரும்.

இந்நிலையில்தான் பிரேம்குமார் இயக்கிய 'மெய்யழகன்' திரைப்படத்தை 2024-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கண்டோம். பல்லாண்டுகளுக்கு முன் தஞ்சையை விட்டு நீங்கிய ஒருவர், ஒரு திருமணத்துக்காக நீடாமங்கலம் வருகின்றார். அங்கே "அத்தான்" என்றழைத்து ஓர் உறவினர் அவரை விடாது பேணுகின்றார். விருந்துப் பந்தியில் அருகிருந்து உண்ணச் செய்கின்றார். இரவில் தம் வீட்டில் தங்க வைக்கின்றார். இவ்வளவு அன்பு காட்டுபவரின் பெயர் வந்தவருக்கு நினைவில் இல்லை. கேட்கவும் நாணம் தடுக்கின்றது. அரவிந்த் சுவாமியும் கார்த்தியும் நடித்த இக்கதையில் கொலை இல்லை, கொள்ளை இல்லை. ஒரு பெயரைத் தேடும் தவிப்பே கதை.

தாயாரால் நெடுநேரம் திரையை நோக்கி அமர இயலாது. ஆகவே அக்கதையை ஐந்து மாலைகளில் அவருக்கு வாய்மொழியாகச் சொன்னோம். முந்தைய நாள் சொன்னது மறுநாள் பாதி மறந்துவிடும், மீண்டும் தொடங்குவோம். மக்களும் கைப்பேசியை வைத்துவிட்டு வந்து, விட்டுப்போன இடங்களை எடுத்துக் கொடுத்தனர். ஐந்தாம் நாள், பெயர் தெரிந்த செய்தியைச் சொல்லி முடித்தோம். தாயார் சற்று நேரம் வாளாவிருந்து, "பேரு தெரியாட்டித்தான் என்ன? சோறு போட்டான்ல?" என்றார்.

படம் பார்த்தபோது வராத கண்ணீர் அப்போது வந்தது. எம் பெயரை அவர் மறந்திருக்கலாம். ஆயினும் பணி முடிந்து நாம் வாயிலில் கால் வைத்ததும் அவர் கேட்கும் முதற்கேள்வி, உண்டாயா என்பதே. அக்கேள்வியை அவர் ஒருநாளும் மறந்ததில்லை.

கைப்பேசியைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. பெயர்களை மறக்கும் தாயார், இளமையில் இலங்கை வானொலியில் கேட்ட பாடல்களை மறக்கவில்லை. அவற்றை அக்கைப்பேசியே தேடித் தருகின்றது. ஒருவர் காதில் மட்டும் ஒலிக்காமல் கூடத்தில் அனைவருக்கும் கேட்க ஒலித்தால், அதுவும் அந்நாளைய வானொலிப் பெட்டியே.

நிறைவாக ஒரு நூல். 2023-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' என்னும் புதினம், கொங்கு நாட்டுக் குடிநாவிதர் வாழ்வையும் உறவுகளின் பிரிவையும் கூடுதலையும் சொல்வது. கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுத் தொடரே தலைப்பாக அமைந்துள்ளது. சங்கச் சொல் இன்றைய எளியோர் வாழ்வுக்குப் பொருந்தி நிற்பதை மாணவர் இதன்வழி உணரலாம்.

மாணவச் செல்வங்களே! நீங்கள் விரும்பும் படங்களும் பாடல்களும் வேறாக இருக்கலாம், இருத்தல் இயல்பே. அவற்றுள் ஒன்றையேனும் இன்று மாலை இல்லத்துப் பெரியோர் ஒருவருக்கு உங்கள் சொற்களில் எடுத்துரையுங்கள். அவர் இடையிட்டுக் கேள்வி கேட்பார். கதையை வேறு வழியில் திருப்புவார். பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கண்ட படத்தில் நீங்கள் காணாத ஒன்றை அவர் காட்டக்கூடும். எம் இல்லத்தில் இப்போது லப்பர் பந்தின் கதை நடந்துகொண்டிருக்கின்றது. மாமனாரும் மருமகனும் இன்னும் சமாதானம் ஆகவில்லை. தாயார் மாமனார் பக்கம்.