மூன்று பீரோக்கள்

போன வாரம் என் மச்சினரின் பேரன் இனிப்புப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தான். எழுத்தர் தேர்வில் தேறி, நம் புதுவை அரசில் வேலைக்கு ஆர்டர் வாங்கிவிட்டான். காலில் விழுந்து எழுந்தவன், "தாத்தா, 38 வருஷம் ஆபீஸ்ல குப்பை கொட்டியிருக்கீங்க. எனக்கு ஒரு புத்தி சொல்லுங்க" என்றான்.

"வாய்வார்த்தையை நம்பி எதிலும் கையெழுத்துப் போடாதே. எழுத்தில் வாங்கு" என்றேன். சந்தோஷமாகப் போய்விட்டான். எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை. அவனிடம் சொன்னது பாதிதான். மீதிப் பாதியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பெரியப்பா பிரெஞ்சுக்காரர் காலத்து 'த்ரெஸோர்' என்ற கருவூலத்தில் வேலை பார்த்தவர். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து அந்தக் காலத்துக் கதைகளைச் சொல்வார். பிரெஞ்சு முறையில் 'செலவு செய்' என்று உத்தரவு போடுகிறவர் வேறு, பணத்தைக் கையில் வைத்துக் கொடுக்கிறவர் வேறு. முதல் ஆள் 'ஒர்தொனத்தேர்', இரண்டாம் ஆள் 'கோன்தாபிள்'. ஒருவரே இரண்டுமாக இருக்கக் கூடாது. கோன்தாபிள் வேலைக்கு வருமுன் ஜாமீன் கட்ட வேண்டும். கணக்கில் பணம் குறைந்தாலும், கொடுக்கக் கூடாத பில்லுக்குக் கொடுத்தாலும், அது அவர் சொந்தப் பொறுப்பு, சொந்தக் கைப்பணம். பாரிஸில் 1807-இல் நெப்போலியன் ஏற்படுத்திய கணக்கு நீதிமன்றம் இருக்கிறது. அது கணக்கை முடித்து 'சரி' என்று விடுவிக்கும்வரை அந்த மனிதருக்கு நிம்மதி கிடையாது.

"அப்போ மேலதிகாரி கட்டாயப்படுத்தினா?" என்று நான் கேட்டேன்.

"எழுத்துல உத்தரவு கேட்கணும். அதுக்குப் பேர் ரெகிசிசியோன். அவர் எழுதிக் கொடுத்துட்டா பொறுப்பு அவர் தலையில ஏறிடும்" என்றார் பெரியப்பா.

(அந்த முறை பிரான்சிலேயே 2023 ஜனவரியிலிருந்து மாறிவிட்டது. இப்போது உத்தரவு போடுகிறவர், பணம் கொடுக்கிறவர் இருவரையும் ஒரே சட்டத்தின் கீழ் விசாரித்து, பெரிய தவறு என்றால் அபராதம் போடுகிறார்கள்.)

பள்ளிக்கூடத்திலும் இதே பாடம்தான். 1789-ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனத்தின் 15-ஆம் விதியை எங்கள் முசியே நெட்டுருப் போட வைத்தார். எந்த அரசு ஊழியரிடமும் அவர் செய்த நிர்வாகத்துக்குக் கணக்குக் கேட்கச் சமுதாயத்துக்கு உரிமை உண்டு என்பது அதன் சாரம். பத்து வயதுப் பையனுக்கு அது என்ன புரியும்? பிரம்புக்குப் பயந்து ஒப்பித்தேன்.

1973-இல் வேலைக்குச் சேர்ந்தபோது என் இங்கிலீஷ் அரைகுறை. ஜி.எஃப்.ஆர். எனப்படும் பொது நிதி விதிகள் புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். பக்கத்தில் இங்கிலீஷ்-பிரெஞ்சு அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். மெதுவாகப் படித்ததால் மறக்கவில்லை. சாதாரண விவேகமுள்ள ஒருவன் தன் சொந்தப் பணத்தைச் செலவழிக்கும்போது எவ்வளவு கவனமாக இருப்பானோ, அதே கவனம் பொதுப் பணத்திலும் வேண்டும் என்று ஒரு விதி. தனக்கே லாபம் வரும்படி ஒரு செலவுக்கு உத்தரவு போடக் கூடாது என்று இன்னொன்று. உடனே பட்டுவாடா செய்ய வேண்டியிராத பணத்தைக் கருவூலத்திலிருந்து எடுக்கக் கூடாது, பட்ஜெட் பணம் லாப்ஸ் ஆகிவிடும் என்பதற்காக எடுக்கவே கூடாது என்றும் விதி உண்டு.

இந்தக் கடைசி விதியின் அருமை மார்ச் மாதத்தில் கருவூலம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்! கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி கூட்டம் இருக்கும்.

1984 மார்ச் கடைசி. நான் இருந்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம். பன்னிரண்டு இரும்பு பீரோக்களுக்கு ஆர்டர் போயிருந்தது, சரக்கு வரவில்லை. நிதியாண்டு முடிய மூன்று நாள். அதிகாரி என்னைக் கூப்பிட்டார். "பில்லுல 'சரக்கு வந்தது, நல்ல நிலையில் உள்ளது, ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்றப்பட்டது'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடுய்யா. பணத்தை எடுத்துடலாம். பீரோ ஒரு மாசத்துல வந்துடும்."

எனக்குப் பெரியப்பா நினைவுக்கு வந்தார். "சார், நீங்க ஒரு வரி எழுதிக் கொடுத்தா போட்டுடறேன்" என்றேன்.

அது என் திமிர் இல்லை. மேலதிகாரியின் உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும், வாயால் சொன்னால் கீழே இருப்பவர் எழுத்தில் உறுதி கேட்க வேண்டும், கேட்டால் அதிகாரி கொடுக்க வேண்டும் என்று நடத்தை விதிகளே சொல்கின்றன. ஆனால் அவர் சிரித்தார். "பிரெஞ்சுக்காரன் போய் முப்பது வருஷம் ஆச்சுய்யா. நீ போ, அவனை வரச் சொல்லு" என்றார்.

'அவன்' என்பது என் பக்கத்து சீட்டு நண்பர். பயந்த சுபாவம், மூன்று பெண் குழந்தைகள். நான்தான் போய், "உன்னை ஐயா கூப்பிடுகிறார்" என்றேன். எதற்கு என்று சொல்லவில்லை. அவர் உள்ளே போய் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தார். கையில் அந்த பில். பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பீரோக்கள் ஜூலையில் வந்தன. பன்னிரண்டு அல்ல, ஒன்பது. மீதி 'அடுத்த லோடில்' என்றார் கடைக்காரர். அடுத்த லோடு வருவதற்குள் கடையே மூடிவிட்டது. அதிகாரிக்கும் மாற்றல் ஆகிவிட்டது.

மறு வருஷம் ஆடிட் வந்தது. ரிஜிஸ்டரைப் பார்த்தார்கள், அறை அறையாகப் போய் பீரோக்களை எண்ணினார்கள். மூன்று பீரோவின் விலை 4,800 ரூபாய் நஷ்டம். யார் கையெழுத்து? நண்பருக்கு மெமோ வந்தது. அதிகாரி சொல்லித்தான் செய்தேன் என்று விளக்கம் எழுதினார். ஆதாரம் ஒரு வரி கிடையாது. கவனக்குறைவால் அரசுக்கு வந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் பிடிப்பது சிறு தண்டனைதான், பெரிய விசாரணை இல்லாமலே முடிந்துவிடும். மாதம் 150 ரூபாய், 32 மாதம். அன்றைய எழுத்தர் சம்பளத்தில் 150 ரூபாய் என்றால் என்ன என்று என் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மனிதர் எங்களோடு டீ குடிக்க வருவதை நிறுத்திவிட்டார்.

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்காததால் நானும் சொல்லவில்லை. "அதிகாரி முதலில் என்னிடம்தான் கேட்டார்" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் நண்பரின் விளக்கத்துக்கு ஒரு சாட்சி கிடைத்திருக்கும். நான் கொடுக்கவில்லை. என் கை சுத்தமாக இருக்கிறதே என்ற பெருமை வேறு!

ஜி.எஃப்.ஆரில் நான் அகராதி வைத்துப் படித்த இன்னொரு விதி உண்டு. தன் மோசடியாலோ கவனக்குறைவாலோ வரும் நஷ்டத்துக்கு ஓர் ஊழியர் பொறுப்பு. அதோடு முடியவில்லை. இன்னொருவரின் தவறால் வந்த நஷ்டத்துக்கும், தன் செயலோ அசட்டையோ அதற்கு எவ்வளவு துணைபோனதோ அந்த அளவுக்கு அவரும் பொறுப்பு. முதல் பாதியை நான் வாழ்நாள் முழுக்கக் கடைப்பிடித்தேன். இரண்டாம் பாதி எனக்கில்லை என்று இருந்துவிட்டேன்.

அரசுப் பணத்தைத் திருடினால் ஆயுள் தண்டனை வரை சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் என் 38 வருஷ அனுபவத்தில் திருடர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நான் பார்த்த அளவில், பணம் போன வழியில் எல்லாம் என்னைப் போல ஜன்னல் பக்கம் பார்த்தவர்கள்தான் இருந்தார்கள். பீரோ வரவில்லை என்று நான் கணக்குப் பிரிவுக்கு ஒரு குறிப்பு அனுப்பியிருந்தால் பில் நின்றிருக்கும். பணமும் பிழைத்திருக்கும், நண்பரும் பிழைத்திருப்பார். நான் காப்பாற்றியது என் கையெழுத்தை மட்டும்.

ஓய்வுபெற்ற பிறகு ஒரு நவம்பரில், ஆயுள் சான்று கொடுக்கிற வரிசையில் அவரைப் பார்த்தேன். பழைய கதைகள் பேசினோம். பேச்சோடு பேச்சாக, "அன்னிக்கு என்னைக் கூப்பிட வந்தப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா" என்றார். கோபமே இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. அவர் இப்போது உயிரோடு இல்லை.

நேற்றுப் பேரனுக்குப் போன் போட்டேன். "எழுத்தில் வாங்குன்னு சொன்னேனே, அது உன்னைக் காப்பாத்திக்க. பணம் தப்பா போகுதுன்னு தெரிஞ்சா நீயே எழுதிக் கொடு. பக்கத்து சீட்டுக்காரன் மாட்டப்போறான்னு தெரிஞ்சா அவன் காதுல ஒரு வார்த்தை போடு" என்றேன்.

"சரி தாத்தா. ஆனா ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றான்.

ஜலதோஷம் என்று சொல்லிவிட்டேன்.