தேனிச் சாலையும் வான் வழியும்

மதுரை மாவட்டத்துத் திருமங்கலத்திலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் சாலை, உசிலம்பட்டியைத் தாண்டி, ஆண்டிப்பட்டிக் கணவாயில் ஏறி இறங்கித் தேனியை அடைகிறது. அங்கிருந்து தென்மேற்கே திரும்பினால் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஊர்கள் வரிசையாக வருகின்றன. இருபுறமும் மலைகள்; நடுவே முல்லைப் பெரியாற்று நீரால் செழிக்கும் நெல்வயல்கள், வாழைத் தோட்டங்கள், திராட்சைப் பந்தல்கள். அன்பு வாசகர்களே, திருவிழாவுக்கும் திருமணத்துக்குமாக உங்களுள் பலர் இவ்வழியே பன்முறை சென்றிருப்பீர்கள். இம்முறை வேறொரு நோக்குடன் சென்று வருவோம். இவ்வட்டாரத்துப் பெண் மக்கள் எங்கிருந்து புறப்பட்டு எங்கே வந்து சேர்ந்துள்ளனர் என்பதைக் காண்போம்.

திருமங்கலத்தில் அரசினர் பெண்கள் மேல்நிலைப்பள்ளி ஒன்று உண்டு. நாட்டின் 75 அரசுப் பள்ளிகளிலிருந்து பள்ளிக்குப் பத்துப் பேராக 750 மாணவியர் சேர்ந்து உருவாக்கிய 'ஆசாதிசாட்' என்னும் சிறு செயற்கைக்கோளில் இப்பள்ளி மாணவியருக்கும் பங்குண்டு. 2022 ஆகஸ்டு 7 ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அது ஏவப்பட்டது. ஆனால் ஏவுகலம் அதனை உரிய பாதையில் நிறுத்தவில்லை. செயற்கைக்கோள் பயனற்றுப் போயிற்று. மாணவியரின் முயற்சியோ அத்துடன் முடியவில்லை. 2023 பிப்ரவரி 10 ஆம் நாள் 'ஆசாதிசாட் 2' விண்ணில் ஏறி, ஏறத்தாழ 450 கிலோமீட்டர் உயரத்தில் தன் பாதையை அடைந்தது.

அங்கிருந்து சற்றுத் தொலைவே உசிலம்பட்டி. இப்பகுதியில் பெண் சிசுக்கள் கொல்லப்படும் கொடுமை 1980களில் செய்தித்தாள்கள் வாயிலாக நாடெங்கும் தெரிய வந்தது. பிறந்தது பெண் என்று அறிந்ததும் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கள்ளிப்பால் புகட்டிய வீடுகள் இருந்தன. வரதட்சணைச் சுமைக்கு அஞ்சியே செய்தனர் என்பது காரணமாகலாமேயன்றி நியாயமாகாது. 1992 இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001 இல் மதுரை, தேனி மாவட்டங்களுக்கும் வந்தது. வேண்டாத பெண் குழந்தையை இட்டுச் செல்ல அரசு தொட்டில் கட்ட வேண்டியிருந்த மண்ணிலிருந்துதான் மாணவியர் செயற்கைக்கோள் செய்யப் புறப்பட்டனர். இரண்டுக்கும் இடையே ஒரு தலைமுறைக் காலமே சென்றுள்ளது.

கணவாயைக் கடந்தால் ஆண்டிப்பட்டி. இத்தொகுதி மக்கள் 2002 ஆம் ஆண்டு இடைத்தேர்தலில் செல்வி ஜெயலலிதாவைத் தேர்ந்தெடுத்தனர், அவர் முதலமைச்சரானார். அதற்கு முன் 1989 இல் அவரை முதன்முதலாகச் சட்டமன்றத்துக்கு அனுப்பியதும் இம்மாவட்டத்துப் போடிநாயக்கனூரே. அவர்தம் அரசியல் பற்றி அவரவர்க்கு ஒரு கருத்து இருக்கலாம். பெண்ணுக்கு வாக்களிக்க இவ்வூர்கள் தயங்கவில்லை என்பது மட்டும் உறுதி. 2016 இல் உள்ளாட்சியில் சரிபாதி இடங்கள் பெண்களுக்கெனச் சட்டமாயிற்று. ஆயினும் மனைவி வென்ற நாற்காலியில் கணவர் அமரும் வழக்கம் தமிழகச் சிற்றூர்களை விட்டு இன்னும் முற்றாக அகலவில்லை. பதவி பெண்ணுக்கு, பேச்சு ஆணுக்கு என்றால், அது தலைமையாகுமா?

தேனி அல்லிநகரத்தைச் சேர்ந்த செல்வி உதயகீர்த்திகா, பள்ளி நாட்களிலேயே இஸ்ரோ நிறுவனம் நடத்திய கட்டுரைப் போட்டியில் பரிசு பெற்றவர். உக்ரைன் நாட்டில் வானூர்திப் பொறியியல் பயின்றார். பின்னர்ப் போலந்து நாட்டில் விண்வெளி வாழ்க்கையை ஒத்த சூழலில் பயிற்சி பெற்றார். விண்கலத்தில் ஏறுவதற்கு முன் கடக்க வேண்டிய நீண்ட படிகளுள் இவை சில. எளிய குடும்பத்துப் பெற்றோர் தடை சொல்லாமல் வழியனுப்பியதால் அன்றோ அவர் அவ்வளவு தொலைவு செல்ல முடிந்தது!

தேனியைச் சுற்றிலும் நூற்பாலைகள் பல. அவற்றில் வேலைக்குச் செல்லும் இளம்பெண்களுக்கு ஒரு செய்தி. 1963 ஜூன் 16 ஆம் நாள் உலகின் முதல் விண்வெளி வீராங்கனையாக விண்ணில் ஏறிய வாலெண்டினா தெரஸ்கோவா, அதற்கு முன் இரஷ்ய நாட்டு ஆலை ஒன்றில் தொழிலாளியாக இருந்தவர். ஆப்பிரிக்கக் கண்டத்துப் பெண்களின் முறை வர மேலும் 59 ஆண்டுகள் ஆயின. எகிப்து நாட்டைச் சேர்ந்த சாரா சப்ரி 2022 ஆகஸ்டு 4 ஆம் நாள் விண்ணைத் தொட்டுத் திரும்பினார்.

அவ்வளவு தொலைவு செல்வானேன்? நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலேயே, தெற்கே உள்ள செங்கோட்டையில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் திருமதி நிகர் ஷாஜி. கதிரவனை ஆராய 2023 செப்டம்பர் 2 ஆம் நாள் ஏவப்பட்ட ஆதித்யா எல்1 விண்கலத்தின் திட்ட இயக்குநர் அவரே. பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் தனக்குரிய இடத்தை அவ்விண்கலம் 2024 ஜனவரி 6 ஆம் நாள் அடைந்தது.

தேனியைக் கடந்து பள்ளத்தாக்கினுள் செல்வோம். பொழுது புலருமுன்னரே போடியிலும் கம்பத்திலும் கூடலூரிலும் பெண்கள் தூக்குச்சட்டியுடன் ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து, மலைமேல் உள்ள ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் புறப்படுகின்றனர். மாலையில் இறங்கி வந்து அடுப்பு மூட்டுகின்றனர். மகளாவது படிக்கட்டும் என்பதே அத்தாய்மாரின் எண்ணம். அந்த எண்ணம் பத்தாம் வகுப்போடு முறிந்துவிடாமல் காப்பது யார் பொறுப்பு?

சாலையின் கோடியில், கூடலூருக்கு அப்பால் லோயர்கேம்பில், பெரியாற்று அணையைக் கட்டிய பென்னிகுயிக்கின் நினைவு மண்டபம் நிற்கிறது. கட்டும் காலத்தில் வெள்ளம் அணையை அடித்துச் சென்றது, மீண்டும் கட்டினர். 1895 முதல், மேற்கே அரபிக் கடலுக்குச் சென்ற நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி வருகிறது. ஆறே திசை மாறியிருக்க, வழக்கம் மாறாது என்று சொல்லலாமா?

நாம் செய்யத்தக்கவை பெரியனவல்ல. பெண் பிள்ளை கணிதமும் அறிவியலும் எடுக்க விரும்பினால் தடுக்காதிருப்போம். வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்தால் 'பெண்ணை எப்படி அனுப்புவது?' என்று கேட்பதற்கு முன், நல்ல விடுதி எங்கே உள்ளது என்று விசாரிப்போம். நகைக்கெனச் சேர்க்கும் பணத்தில் ஒரு பங்கைப் படிப்புக்கென ஒதுக்குவோம். பங்குப் பேரவையிலும் அன்பியத்திலும் பெண்கள் பேசும்போது, ஆண்கள் குறுக்கிடாமல் கேட்போம். வீட்டிலும் கோவிலிலும் தன் சொல்லுக்கு மதிப்பு உண்டு என்று கண்ட சிறுமியே, நாளை ஊர் மன்றத்திலும் ஆய்வுக்கூடத்திலும் அஞ்சாமல் வாய் திறப்பாள்.